நடுவயதில் கருவி கற்போரின் செவி எவ்வாறு பழகுகிறது?

மட்டாஞ்சேரி (கொச்சி): மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளுக்கிடையே மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தக்கனி உருது, தமிழ் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிக்கும் ஊர் மட்டாஞ்சேரி. இங்கும் அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியிலும் கல்யாண வீட்டுக் கச்சேரிக்கும் இரவு மெஹ்ஃபிலுக்கும் நெடிய மரபு உண்டு. 1954-இல் வெளியான 'நீலக்குயில்' படத்தில் பாடிய மெஹ்பூப் இந்த மரபின் முதன்மையான குரல். அவருக்குத் தபலா வாசித்த இளைஞர்களுள் ஒருவர் அபு இப்ராஹிம். பிற்காலத்தில் 'உம்பாயி' என்ற பெயரில் மலையாளக் கஜலைக் கேரளமெங்கும் கொண்டு சென்றவர் அவரே. 2018 ஆகஸ்ட் 1 அன்று அவர் மறைந்தார்.

உம்பாயி தொடக்கத்தில் பாடகர் அல்லர். தாளக் கருவியில் தொடங்கி, மும்பையில் உஸ்தாத் முஜாவர் அலி கானிடம் பயின்ற காலத்தில்தான் பாட்டுக்குத் திரும்பினார். அப்போது அவர் சிறுவர் அல்லர், வளர்ந்த இளைஞர். 'சின்ன வயதிலேயே கற்றிருக்க வேண்டும்' என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆதங்கத்தோடு இந்த வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. வேலை, குடும்பம் என்று நிலைபெற்ற பின், முப்பதிலோ ஐம்பதிலோ, ஆர்மோனியத்தையோ வயலினையோ வீணையையோ முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு விரல்கள் ஓரளவு பழகிவிடலாம். செவி பழகுமா?

இத்துறையின் ஆய்வுகளைத் தமிழில் தருவோர்க்கு ஒரு வசதி இருக்கிறது. இசையைக் கேட்டுணரும் ஆற்றலுக்கு அறிவியல் நூல்கள் நீண்ட தொடர்களைக் கையாளும்போது, தமிழில் 'கேள்வி ஞானம்' என்ற இரண்டு சொற்கள் ஏற்கெனவே வழக்கில் உள்ளன. கேட்பதே ஓர் அறிவு, அதை ஈட்ட முடியும் என்ற கருத்து அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஆய்வகங்கள் கண்டறிந்தவற்றுள் பெரும்பகுதி இந்தக் கருத்துக்கு அரண் செய்வதாகவே உள்ளது.

சுருதி: சில மணி நேரத்தில் மாறும் செவி

இரண்டு ஒலிகளுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பிரித்தறிவதே இசையுணர்வின் அடித்தளம். கிறிஸ்டோஃப் மிஷேலும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மேற்கத்திய செவ்வியல் இசைக் கலைஞர்கள் 30 பேரும் இசை பயிலாத 30 பேரும் ஒப்பிடப்பட்டனர். இசை பயிலாதவர்கள் உணரக்கூடிய மிகச் சிறிய சுருதி வேறுபாடு, கலைஞர்கள் உணர்வதைவிட ஆறு மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தது. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆய்வின் இரண்டாம் பகுதியே கவனத்துக்குரியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட, இசை பயிலாத எட்டுப் பேர் இந்த ஒரே பணியில் மொத்தம் 14 மணி நேரம் பயிற்சி பெற்றனர். 4 முதல் 8 மணி நேரத்துக்குள் அவர்களின் செவி, பல ஆண்டுகள் இசை பயின்ற கலைஞர்களின் அளவை எட்டிவிட்டது.

எட்டு மணி நேரத்தில் ஒருவர் வித்துவான் ஆகிவிடுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. தனித்தனியே ஒலிக்கும் இரு நாதங்களைப் பிரித்தறிவது வேறு, கல்யாணியைக் கேட்டவுடன் கல்யாணி என்று உணர்வது வேறு. ஆனால் 'எனக்குக் காது இல்லை' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வோருக்கு இந்த ஆய்வு தெளிவான மறுப்பு. பிறவியிலேயே சுருதி வேறுபாட்டை உணர இயலாத குறைபாடு உண்மையில் உண்டு. இசபெல் பெரெட்ஸும் டொமினிக் வுவானும் சுமார் 20,000 பேரிடம் நடத்திய ஆய்வின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அது மக்களில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினருக்கே இருக்கிறது. தம்மைச் 'சுருதிக் குருடர்' என்று கருதிக்கொள்ளும் எஞ்சியோருக்குப் பெரும்பாலும் பயிற்சி இல்லை என்பதே குறை.

செவி கூர்மைப்படும் விதத்தைத் தம்பூராவிலோ தபலாவிலோ நேரில் காணலாம். 240 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியும் 243 ஹெர்ட்ஸில் மற்றொரு தந்தியும் ஒலித்தால், இரண்டும் சேர்ந்து நொடிக்கு மூன்று முறை பெருகித் தணியும் ஓர் அலைவு கேட்கும். சுருதி நெருங்க நெருங்க அலைவு மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். புதிதாகக் கற்பவர் முதலில் சுருதியைக் கேட்பதில்லை. இந்த அலைவைத்தான் கேட்கிறார். சில வாரங்களில் அலைவைத் தேடாமலேயே 'சேர்ந்துவிட்டது' என்று தெரியத் தொடங்கும். தபலா கலைஞர் தம் வலக்கைத் தபலாவின் விளிம்பைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பாடகரின் ஆதார சட்ஜத்தோடு சேர்ப்பதும் இதே வேலைதான். தபலாவிலிருந்து உம்பாயி பாட்டுக்கு வந்தது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவதைப்போலப் பெரிய தாவலாக இருந்திருக்காது. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் அந்தச் செவி ஆதார சுருதியைத் தேடிப் பழகியிருந்தது.

லகரமும் ழகரமும் போல

சுருதி வேறுபாட்டை உணர்ந்த பிறகு வருவது வகைப்படுத்துதல். தமிழ் அறியாத ஒருவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே கேட்கும். அவருடைய காதில் பழுதில்லை. அவருடைய மொழி அந்த ஒலிகளுக்குத் தனித்தனி அறைகளை அமைத்துத் தரவில்லை, அவ்வளவே. கர்நாடக இசையில் சுத்த ரிஷபமும் சதுஸ்ருதி ரிஷபமும் புதியவருக்கு முதலில் 'ரி' என்ற ஒரே அறையில்தான் விழுகின்றன.

தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளையில் அமைக்கும் வழக்கம் புரந்தரதாசரின் பெயரோடு இணைந்தது. அதன் பயன் இங்கே தெரிகிறது. அந்த இராகத்தில் 'ச ரி க ம' என்ற முற்பாதியும் 'ப த நி ச' என்ற பிற்பாதியும் ஒரே இடைவெளிகளைக் கொண்டவை: ஓர் அரைச் சுரம், அதையடுத்து மூன்று அரைச் சுரங்கள் அளவுள்ள பெரிய தாவல், பின் மீண்டும் ஓர் அரைச் சுரம். சிறியதும் பெரியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வேறுபாடு செவியில் எளிதில் பதிகிறது. கீழ்ப்பாதியில் கற்றதை மேற்பாதியில் அப்படியே சோதித்துக்கொள்ளவும் முடிகிறது. சரளி வரிசையை அலுப்பூட்டும் பாடம் என்று கருதும் நடுவயது மாணவர்கள், அது விரலுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் வகுத்த பாடம் என்பதை அறிந்தால் சற்றுப் பொறுமை காட்டக்கூடும்.

இராகத்தின் 'வீட்டை' உணர்வதிலும் பழக்கத்தின் பங்கு பெரிது. மேரி காஸ்டெல்லானோ, ஜம்ஷெத் பரூச்சா, கேரல் க்ரும்ஹான்ஸல் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து இந்துஸ்தானி இராகங்களை இந்தியரும் மேற்கத்தியரும் கேட்டனர். ஒவ்வொரு சுரமும் அந்த இராகத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடுமாறு அவர்களிடம் கோரப்பட்டது. எந்தச் சுரம் அதிக நேரம் ஒலிக்கிறது என்பதை இரு தரப்பினரும் பிடித்துக்கொண்டனர். அதாவது, அறியாத இசையிலும் செவி தானாகவே கணக்கெடுக்கிறது. ஆனால் இராகத்தின் அடியில் உள்ள 'தாட்' என்னும் சுர வரிசையை உணர்ந்ததற்கான அறிகுறி இந்தியக் கேட்போரிடம் மட்டுமே இருந்தது. உருதுக் கஜலையும் இந்தித் திரைப்பாடலையும் கேட்டு வளர்ந்த மட்டாஞ்சேரிக்காரர் நாற்பது வயதில் ஆர்மோனியம் கற்கத் தொடங்கினாலும் வெறும் செவியோடு தொடங்குவதில்லை என்பதற்கு இதுவே விளக்கம். பாதி வேலை அவர் அறியாமலே நடந்து முடிந்திருக்கிறது. பெயர் தெரியாத அந்த அறிவுக்குப் பெயர் சூட்டுவதே ஆசிரியரின் முதல் பணி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வகைகள் உறுதிப்பட்ட பின் செவி சில வேளைகளில் மந்தமாகிறது. ஜேன் சீகலும் வில்லியம் சீகலும் 1977-இல் நடத்திய சோதனையில், தேர்ந்த கலைஞர்களே சுருதி விலகிய இடைவெளிகளைச் சரியானவை என்று பெரும்பாலும் மதிப்பிட்டனர். 'இது பஞ்சமம்' என்று மனம் பெயரிட்டுவிட்டால், அது சற்றே தாழ்ந்த பஞ்சமம் என்பது மறைந்துவிடுகிறது. அறிவு கூடினால் எல்லாமே கூர்மையாகும் என்று எண்ண இடமில்லை.

ஆர்மோனியம் தரும் வசதியும் வாங்கிக்கொள்ளும் விலையும்

கஜல் மெஹ்ஃபிலில் ஆர்மோனியம் தவிர்க்க முடியாதது. கட்டையை அழுத்தினால் சுரம் வந்துவிடும் என்பதால் நடுவயதில் தொடங்குவோர் பெரும்பாலும் அதையே நாடுகின்றனர். அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் இதே கருவிக்குத் தடை விதித்து, 1971 வரை அத்தடையைத் தொடர்ந்தது என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்கு வியப்பளிக்கலாம். ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்குகளாகப் பிரிப்பவை. அதில் கமகம் இல்லை, நுண் சுருதி இல்லை என்பன எதிர்ப்பாளர்களின் வாதங்கள். இசையியலில் ஒரு ஸ்தாயியை 1,200 'சென்ட்' என்று பகுப்பர் (நில அளவைச் சென்டோடு இதற்குத் தொடர்பில்லை). ஆதார சட்ஜத்தோடு 5:4 என்ற விகிதத்தில் இயல்பாக இணையும் அந்தர காந்தாரம் 386 சென்டில் அமையும். சமப் பங்கீட்டில் அது 400 சென்டில் நிற்கிறது. தம்பூராவோடு பாடும் செவிக்கு அந்த 14 சென்ட் வேறுபாடு உறுத்தும். ஆர்மோனியத்தோடு மட்டுமே பழகிய செவிக்கு உறுத்தாது.

தடை நியாயமானதா என்பது வேறு விவாதம். முப்பதாண்டுத் தடை மிகை என்றே தோன்றுகிறது. ஆனால் கற்பவரின் கோணத்தில் எதிர்ப்பாளர்கள் ஓர் உண்மையைத் தொட்டிருந்தனர். சுரத்தைக் கருவியே தயாராகக் கொடுத்துவிட்டால், செவி வேலை செய்யாமலேயே விரல் முன்னேறிவிடக்கூடும். வயலினிலோ வாய்ப்பாட்டிலோ இந்தக் குறுக்கு வழி இல்லை. ஆர்மோனியத்தில் பயிற்சி செய்யும்போது முதலில் வாயால் பாடி, பிறகு கட்டையை அழுத்திச் சரிபார்க்குமாறு ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

கை கேட்கிறது

கேட்பதால் மட்டும் செவி வளர்வதில்லை, வாசிப்பதாலும் வளர்கிறது என்பது கடந்த கால் நூற்றாண்டின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க் பாங்கர்ட், எக்கார்ட் ஆல்டன்முல்லர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பியானோவைத் தொட்டறியாத பெரியவர்களுக்கு இருபது இருபது நிமிடப் பாடங்கள் நடத்தப்பட்டன. முதல் இருபது நிமிடங்களிலேயே மூளை மின்னலைப் பதிவில் மாற்றத்தின் சுவடு தெரிந்தது. ஐந்து வாரங்களில் அது உறுதிப்பட்டது. ஒலியற்ற கட்டைகளை அழுத்தும்போது செவிப்புலப் பகுதியும், கையசைக்காமல் இசையைக் கேட்கும்போது கையை இயக்கும் பகுதியும் சேர்ந்து இயங்கத் தொடங்கின.

மற்றொரு குழுவுக்கு அதே பாடங்களை ஒரு சூழ்ச்சியோடு அளித்தனர். கட்டைகளுக்குரிய சுரங்கள் அவ்வப்போது மாற்றி அமைக்கப்பட்டன. எந்தக் கட்டை எந்தச் சுரம் தரும் என்று ஊகிக்க வழியில்லை. அக்குழுவினரிடம் கைக்கும் செவிக்கும் அத்தகைய இணைப்பு உருவாகவில்லை. விரலை அசைப்பது மட்டும் போதாது. இந்த அசைவுக்கு இந்த ஒலி என்ற உறுதியான உறவு வேண்டும். சுருதி சரியில்லாத மலிவான கருவியை 'கற்றுக்கொள்வதற்குத்தானே' என்று வாங்கித் தருவது எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்து விளங்கும்.

மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிளாடியா லாப்பே உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே செல்கிறது. ஒரு குழுவினர் இரண்டு வாரம் ஒரு சிறு இசைத் தொடரைப் பியானோவில் வாசிக்கக் கற்றனர். மற்றொரு குழுவினர் அவர்களின் வாசிப்பைக் கேட்டுப் பிழை கண்டறியும் பணியில் ஈடுபட்டனர். காதில் விழுந்த ஒலிகள் இரு குழுவினருக்கும் ஒன்றே. பின்னர் தவறான சுரம் ஒன்று ஒலித்தபோது, அதை உடனடியாக இனங்காணும் மூளைக் குறி வாசித்த குழுவினரிடமே அதிகம் வலுப்பட்டிருந்தது. கச்சேரிகளை விடாமல் கேட்கும் இரசிகருக்கும் ஆறு மாதம் கருவி பழகியவருக்கும் இடையே கேட்கும் முறையில் ஏற்படும் வேறுபாட்டுக்கு இது ஒரு விளக்கமாகலாம்.

தாளத்தில் வயது சற்றே தடை

தாளத்தின் நிலை வேறு. எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹப்பும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, ஆறு மாதக் குழந்தைகள் பழகாத பால்கன் நாட்டுத் தாளங்களிலும் பிசகை உணர்ந்தனர். வட அமெரிக்கப் பெரியவர்கள் தம் இசையின் எளிய தாளங்களில் மட்டுமே அதை உணர்ந்தனர். அந்த இசையை இரு வாரம் வீட்டில் கேட்கச் செய்தபோது ஒரு வயதுக் குழந்தைகள் தேறினர். பெரியவர்களுக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை. ஐந்து, ஏழு எண்ணிக்கையில் செல்லும் கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் சிலரை மாதக்கணக்கில் தடுமாறச் செய்வதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எனினும் அந்தப் பெரியவர்கள் வெறுமனே கேட்டனர், கைகளால் எண்ணவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கேரளத்தில் பெரியவர்கள் செண்டை கற்று அரங்கேறுவது இன்று பரவலாகக் காணப்படும் காட்சி. பஞ்சாரி மேளத்தின் முதல் காலம் 96 அட்சரங்கள் கொண்டது; அது 48, 24, 12, 6 என்று படிப்படியாகச் சுருங்குகிறது. அவ்வளவு நீண்ட சுற்றை எவரும் பிறவியிலேயே 'கேட்பது' இல்லை. தடித்த புளியங்கம்புகளால் கல்லின்மேல் நாள்தோறும் அடித்துப் பழகி, உடம்பு எண்ணத் தொடங்கிய பிறகே செவி அந்தச் சுற்றை ஒரே உருவமாகப் பிடிக்கிறது. நம் மரபில் தாளத்தைத் தொடையில் தட்டிப் போடச் சொல்வதும் இதே வழிமுறை.

இழந்தது எது, இழக்காதது எது

எந்தத் துணையும் இல்லாமல் ஒரு சுரத்தைக் கேட்டவுடன் அதன் இடத்தைச் சொல்லும் 'முற்றுச் சுருதி' ஆற்றல், பெரும்பாலும் ஆறு, ஏழு வயதுக்குள் இசை தொடங்கியவர்களிடமே காணப்படுகிறது. பெரியவர்களுக்கு அது கைகூடுவது அரிது. ஆனால் அந்த ஆற்றலும் அசையாப் பொருள் அன்று. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், முற்றுச் சுருதி உடையவர்களுக்கு பிராம்ஸின் சிம்ஃபொனி ஒன்றைச் சிறிது சிறிதாக 33 சென்ட் வரை தாழ்த்தி ஒலிக்கச் செய்தபோது, அவர்கள் அந்தத் தாழ்ந்த சுருதியையே சரியென ஏற்கத் தொடங்கினர்.

நம் இசைக்கு இந்த இழப்பு பெரிதன்று. பாடகருக்குப் பாடகர் ஆதார சுருதி மாறும் மரபில், சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு சுரமும் எவ்வளவு தொலைவு என்பதே கணக்கு. அந்த ஒப்பீட்டுச் செவி எந்த வயதிலும் வளரக்கூடியது. இளையராஜா 1968-இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் அதன் குறிமானத்தையும் கற்றபோது அவருக்கு வயது 25. கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் பிறந்த டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றது அதற்கும் பின்னர். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய செவி அவருக்கு முன்பே இருந்தது; அவ்வகையில் அவர் புதியவர் அல்லர். ஆயினும் முற்றிலும் வேறான ஓர் இசை முறையைக் கேட்கும் செவியை அவர் பெரியவரான பிறகே அமைத்துக்கொண்டார்.

பலர் கருவியை மூலையில் வைத்துவிடும் கட்டம் ஒன்று உண்டு. சுருதி வேறுபாட்டை உணரும் திறன் மணிக்கணக்கில் மேம்படுகிறது. வயலினில் விரலைச் சரியான இடத்தில் வைக்கும் திறனுக்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை. எனவே முதல் மாதத்தில் இனிமையாகத் தோன்றிய சொந்த வாசிப்பு நான்காம் மாதத்தில் சகிக்க முடியாததாகக் கேட்கிறது. வாசிப்பு கெட்டுவிடவில்லை, கேட்பது முன்னேறியிருக்கிறது. சிறுவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. பிழையைப் பொறாத பெரியவர்களே மனம் தளர்ந்து, 'எனக்கு வராது' என்று ஒதுங்கிவிடுகின்றனர். முதல் மாத வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்துக்கொண்டு நான்காம் மாதப் பதிவோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

பயிற்சி முறைக்கு மொழி கற்றல் ஆய்வுகளிலிருந்தும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறிய இயலாத ஜப்பானியப் பெரியவர்களுக்கு, 1991-இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலருடைய குரல்களில் அச்சொற்களை மாறி மாறிக் கேட்கச் செய்து பயிற்சி அளித்தனர், திறன் மேம்பட்டது. மோகனத்தையோ பைரவியையோ ஒரே பதிவில் நூறு முறை கேட்பதைக் காட்டிலும் பல குரல்களிலும் பல கருவிகளிலும் கேட்பது பயன்தரும் என்று இதைக்கொண்டு எதிர்பார்க்கலாம்.

அறுபதைக் கடந்தவர்களுக்கும் வாயில் அடைபடவில்லை. ஜெனிஃபர் புகோஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 60 முதல் 85 வயதுக்குட்பட்டோர் ஆறு மாதம் தனிப் பாடமாகப் பியானோ கற்றபின், கவனத்தையும் விரைந்து செயல்படும் திறனையும் அளக்கும் சில தேர்வுகளில் முன்னேற்றம் கண்டனர். முதுமையில் முதலில் குறைவது மிக உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ஆர்மோனியத்தின் மத்திய ஸ்தாயிச் சுரங்கள் அதற்கு வெகு கீழே, சில நூறு ஹெர்ட்ஸில் உள்ளன. ஆகவே சுரம் கேட்கும், நாதத்தின் பளபளப்பு சற்றுக் குறையலாம். செவித்துணைக் கருவி அணிவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கருவிகள் பேச்சைத் தெளிவாக்குவதற்கென அமைக்கப்பட்டவை. தம்பூராவின் இடைவிடாத ஒலியைத் தேவையற்ற இரைச்சல் என்று கருதி அவை குறைத்துவிடக்கூடும். இசைக்கெனத் தனி அமைப்பு பல கருவிகளில் உண்டு. வகுப்பில் சேருமுன் செவித்திறன் வல்லுநரிடம் கேட்டு அதை இயக்கி வைத்துக்கொள்ளலாம்.